விண்கலத் தலைவி சொன்னது

மாமாவுக்கு,

வாரப் பத்திரிகையில் என் சித்திரக்கதையைப் பார்த்துக் கோபப்பட்டீர்களாம். நாம் சேர்ந்து பார்த்த அந்த இந்தி விண்வெளித் தொடரின் கடைசிக் காட்சியில், விண்கலத் தலைவி பூமியிலிருக்கும் கணவனிடம் ரேடியோவில் பேசினாள். காங்கேயத்து வீட்டில் டிவி முன்னால் நீங்கள்தான் எனக்கு அர்த்தம் சொன்னீர்கள்: "கண்ணு, அவ மன்னிப்புக் கேட்டுப்போட்டு ஊட்டுக்கு வர்றாளாமா."

இந்தி தெரியாத நான் நம்பினேன்.

இங்கே காந்திபுரம் விடுதியில் என் அறைத்தோழி உஸ்மாவுக்கு இந்தி தெரியும். அந்தத் தலைவி மன்னிப்பே கேட்கவில்லையாம். புதுக் கிரகத்திலேயே தங்கப்போவதாகச் சொன்னாளாம். அந்தத் தொடருக்கு என் சித்திரக்கதை எழுதும் தொடர்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வீட்டை விட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்டால் திரும்ப வீட்டுக்கு வரலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அந்தத் தலைவி இந்தியில் சொன்னதை மாற்றிவிட்டீர்கள். நான் தமிழிலேயே சொல்கிறேன்: வரமாட்டேன்.

இப்படிக்கு,
வாராவாரம் இரண்டு பக்கம் வரைகிறவள்