எவோதஸைச் சிலுவையில் அறைந்த ஜூன்

ஜூன் 6, புத்தியோலி

ரொட்டி மாவு புளிக்கவில்லை. விறகு ஈரம். காலையிலிருந்தே எரிச்சல்.

மீன்காரி நொவெல்லா அடுப்படிக்கே ஓடிவந்தாள். "ஏண்டி திரிஃபேனா, உன் தம்பி எவோதஸ், எஜமான் கையைப் பிடிச்சுட்டானாம்! சமையல்காரியை அடிக்கச் சாட்டைய ஓங்கினப்போ!"

கையைப் பிடித்தான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, தள்ளவில்லை.

ஜூன் 7

எஜமான் லரோனியுஸ் வீட்டுக்குப் போனேன். தம்பி இன்னும் அவர் அடிமை. என்னை அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தவரும் அவர்தான். அதற்காக ஆயுள் முழுக்கக் குனிய வேண்டும். அவர்மேல் வழக்குப் போடவும் வழியில்லை. குனிந்தேன்.

"எவோதஸை வித்துடுங்க ஐயா. சுரங்கத்துக்கு வேணாலும் அனுப்புங்க."

அத்திப்பழத்தை உரித்தபடியே சொன்னார்: "தோட்டத்துல நாப்பது அடிமை இருக்கான். ஒருத்தன் தொங்கினா மத்தவன் ஒழுங்கா இருப்பான்."

ஒரே வயிற்றில் பிறந்தோம். நான் மனுஷி. அவன் மற்றவர்களுக்குப் பாடமா?

ஜூன் 9

அடுப்புத் தெய்வம் வெஸ்டாவின் திருநாள். மாவரைக்கும் கழுதைகளுக்கு ஓய்வு, கழுத்தில் பூமாலை. அதே தெருவில் என் தம்பியைக் குறுக்குமரத்தில் கைகளை விரித்துக் கட்டி நடத்திப் போனார்கள். பின்னால் சாட்டை.

"மரத்த நேராப் பிடிடா!" என்றான் ஒருவன். சிரித்தார்கள். நான் சுட்ட ரொட்டியைத் தின்கிற வாய்கள்!

ஜூன் 10

நகரவாசலுக்கு வெளியே, சாலையோரம். வேண்டுமென்றே சாலையோரம்.

மூச்சு விட ஆணி அடித்த காலையே ஊன்றி எழும்புகிறான். மறுபடி சரிகிறான். ஈ ஓட்டக்கூடக் கையில்லை. தண்ணீர் கொண்டுபோனேன்; காவல்காரன் தட்டிவிட்டான்.

"அக்கா... பாக்காத."

பார்ப்பேன். வெட்கப்பட வேண்டியவன் நீயா?

ஜூன் 11

இன்னும் சாகவில்லை. சாகவில்லையே என்று என்னையே எழுத வைத்துவிட்டார்களே, பாவிகள்!

கால் எலும்பை முறித்தால் சீக்கிரம் உயிர் அடங்கிவிடும் என்றார்கள். லரோனியுஸ் மறுத்துவிட்டார். "இன்னும் கொஞ்ச நாள் எல்லாரும் பாக்கட்டும்."

ஆணி அடித்த டாமாவிடமே போய்க் கெஞ்சினேன். கூலிக்கு இந்த வேலை செய்கிறவன். ஊருக்குள் குடியிருக்கக்கூட அவனுக்கு அனுமதியில்லை.

"உத்தரவு இல்லாம தொட்டா என் முதுகுத் தோல உரிச்சிருவாங்கம்மா." சுத்தியலை எடுத்தான். "நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

திரும்பினேன். இரண்டு அடி கேட்டது.

ஜூன் 12

உடலை நாய்க்கு விடச் சொன்னார்களாம். நானே இறக்கினேன். கால் ஆணி வரவில்லை. ஆணியோடு புதைத்தேன்.

ஜூன் 15

சிலுவைப் பிணத்தைத் தொட்ட கையாம். யாரும் ரொட்டி வாங்கவில்லை. நொவெல்லாகூட.

கடை இருக்கும் இடம் லரோனியுஸுடையது. காலி செய்யச் சொல்லி ஆள் வந்தான். சரி போடா என்றேன்.

ஜூலை 20

நகரவாசலுக்கு வெளியே, பிணந்தூக்கிகள் குடியிருக்கும் பக்கம், புது அடுப்பு. முதல் ரொட்டிக்கு டாமா வந்தான். முதுகுப் புண் ஆறவில்லை போல, நிமிராமல் நின்றான்.

"நான் தள்ளி நிக்கிறேம்மா. நீ கீழ வெச்சுட்டுப் போ."

என் தம்பிக்கு ஆணி அடித்த கை. அவனை விடுவித்த கையும் அதுதான். மன்னிக்கவில்லை — எழுதி வைக்கிறேன், மன்னிக்கவில்லை.

ரொட்டியை அவன் கையிலேயே கொடுத்தேன்.