நெயில் பாலிஷ் புள்ளிகள்

பிப்ரவரி 3, செவ்வாய்
சிட்லபாக்கத்தில் அக்கா வீட்டில் காபி. அக்கா மகள் சுப்ரஜா வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாகக் கட்டிய பெட்டியைக் காட்டினாள். ஃப்ரீக்வென்ஸி ஷிஃப்டராம். குரலில் உள்ள ஒவ்வொரு அதிர்வையும் ஒரே அளவு மேலே தள்ளும். மனுஷக் குரல் வெண்கல மணியாக வெளியே வருகிறது. ஞாயிறன்று அக்தர் என்கிற ஸ்டூடியோக்காரர் கேட்க வருகிறார். பிடித்தால் பத்துப் பெட்டி ஆர்டர். இல்லாவிட்டால் மறுபடி ஆபீஸ்தான் என்று அத்திம்பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"ரொம்பக் கீழ்க் குரல்ல சொதப்பும் மாமா. அனலாக்கோட லிமிட் அது. யாராலயும் முடியாது."

யாராலும்! திருநீர்மலை உற்சவத்தில் என் மைக் செட் பேசியபோது விமானமே ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றிவிட்டுத்தான் இறங்கியது. என்னிடமா லிமிட்?

பிப்ரவரி 7, சனி
அவள் வெளியே போயிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். என்ன அசிங்கம்! கண்டென்சர் முழுக்கச் சிவப்பு நெயில் பாலிஷ் புள்ளி. முன்னூறு வாங்கி, ஒவ்வொன்றாக அளந்து, ஜோடி சேர்த்துப் புள்ளி வைத்தாளாம். ரெண்டு பக்கமும் இம்மி பிசகக் கூடாதாம். மேலே எழுதியிருக்கும் நம்பர் ஒன்றுதானே? அதே நம்பரில் ரிச்சி தெருப் புதுச் சரக்கை மாட்டினேன். ஒரு குட்டி ஸ்க்ரூ பாதியில் நின்றது, நன்றாக இறுக்கினேன். சொல்லவில்லை. அசந்து போகட்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு
அக்தர் மைக்கில் பாடினார். முகம் சுருங்கியது.

"குரல் மேல போகுது சரி, கூடவே ஒண்ணு கீழயும் போகுதேம்மா. பாடாதப்பக்கூட விசில் அடிக்குது."

சுப்ரஜா மூடியைத் திறந்தாள். "மாமா... சிவப்புப் புள்ளி வெச்சதெல்லாம் எங்கே?"

"பழசா? குப்பைல போட்டேன்டி. எல்லாம் புதுசு!"

"அந்த ட்ரிம்மர் ஸ்க்ரூவையும் திருகினேளா? விசிலை அடக்கறதே அதுதான்."

வந்தவர் எதிரில் அழுவாளா ஒருத்தி? நான்தான் நிலைமையைச் சமாளித்தேன். "பொண்ணு செஞ்சது சார், முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்தார்.

பிப்ரவரி 9
அக்கா போனை எடுக்கவில்லை. நெட்வொர்க்.

மார்ச் 15, ஞாயிறு
சுப்ரஜா கிண்டியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நல்லதுதானே? அக்கா ஒரு பையை என் மைக் செட் கடையில் வைத்துவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போனாள். சால்டரிங் அயர்ன், மீட்டர், மீதிக் கண்டென்சர்கள், ஒரு நெயில் பாலிஷ் பாட்டில். அதை என் மனைவி வேதாவிடம் கொடுத்தேன். பூசிக்கொண்டு விரலை விரித்துக் காட்டினாள். நல்ல சிவப்பு. சீக்கிரம் காய்கிறது.