சூடு பண்ணாமல் ஒரு முறை

ஞாயிறு, மதியம்

அன்பு மிகுந்த என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் குட்டியும் சுகம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, எங்களை அடிக்கடி நினைத்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். மற்றது முடியாவிட்டாலும் கடைசியையாவது கட்டாயம் செய்யுங்கள்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வண்டியைப் பற்றி நான் வாயைத் திறந்ததுமே நீங்கள் குறுக்கே புகுந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறீர்கள். காகிதத்தில் அது நடக்காது. கடைசி வரி வரை நான்தான் பேசுவேன், நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். சமையலறைக் குழாயை மாற்றியாகிவிட்டது. குட்டிக்கு முன்பல் ஆடுகிறது. தொட விடமாட்டேன் என்கிறாள், அப்பா வந்துதான் பிடுங்க வேண்டுமாம். பல் அவ்வளவு நாள் பொறுக்காதடி என்றேன். அப்படின்னா நம்மளைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கச் சொல்லு அப்பாவை என்கிறாள். இந்த வண்டி நல்ல பெயர் எடுத்தால் உங்களுக்குப் பதவி உயரும், எங்களையும் அங்கே கூட்டிக்கொள்ளலாம் என்று நீங்கள் போனில் சொன்னதைக் கேட்டுவிட்டு, பொம்மைகளை எல்லாம் ஒரு பெட்டியில் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டாள். தினமும் அதில் காலை இடித்துக்கொண்டுதான் நான் வேலைக்குப் போகிறேன்.

இனி என் சக்களத்தி விஷயம். இத்தனை வருஷமாக அந்த ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினோடுதானே குடித்தனம் நடத்தினீர்கள், வேறு எப்படி அழைப்பது? அவள் இப்போது எங்கள் ஷோரூமுக்கே வந்து சேர்ந்துவிட்டாள். நீங்கள் அங்கே எஞ்சின் சோதனைப் பிரிவுக்குத் தலைவர், நான் இங்கே புகார் மேசையில். அவளுக்கு விழ வேண்டிய திட்டெல்லாம் எனக்கு விழுகிறது.

அழகி, அதில் சந்தேகமே இல்லை. லாரியிலிருந்து இறக்கிய அன்று தெருவே நின்று பார்த்தது. எதிர்க்கடைத் தையல்காரர், அளவு கொடுக்க வந்தவரைக் கையைத் தூக்கியபடியே நிற்க வைத்துவிட்டு ஓடி வந்தார்.

வந்த கொஞ்ச நாளிலேயே புகார்களும் ஆரம்பித்துவிட்டன. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஆசைப்பட்டு வாங்கினார். டிக்கியில் மழைத்தண்ணீர் தேங்கி அவருடைய கோட்டு நனைந்துவிட்டது. சொட்டச் சொட்ட அதை என் மேசைமேல் வைத்துவிட்டு, இது காரா தண்ணித்தொட்டியா, நீயே தீர்ப்புச் சொல்லும்மா என்றார். இன்னொருவருக்குக் கண்ணாடி கடகடக்கிறது. வேறொருவருக்கு ஸ்டியரிங் பக்கத்துத் திரை அடிக்கடி இருண்டு போகிறது. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான், போகப்போகச் சரியாகிடும் என்றார் எங்கள் மேனேஜர். ரப்பரையும் திருகாணியையும் மாற்றியதில் பாதி சரியாகியும் விட்டது.

ஒன்று மட்டும் சரியாகவில்லை. மெதுவாகத் திரும்பும்போது எஞ்சின் பொசுக்கென்று நின்றுவிடுகிறதாம். உடனே ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடுகிறது, பிரேக்கையும் எகிறி மிதிக்க வேண்டியிருக்கிறது. வண்டி வாங்கிய ஒரு பல் டாக்டரம்மா சொன்னார், அப்புறம் நீதிபதியும் சொன்னார், இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். எங்கள் பணிமனை ஃபோர்மேன் அண்ணன் ஒவ்வொரு வண்டியையும் உங்கள் பிரிவு அனுப்பிய சோதனைப் புத்தகத்தில் உள்ளபடி சோதிக்கிறார். பூனைக்குட்டி மாதிரி சாதுவாக ஓடுகிறது. கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறோம். சில நாளில் அதே ஆள், அதே புகார்.

உங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டோம். நீங்களும் கொஞ்சம் பாருங்கள். புகாரோடு வருகிறவர்கள் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வது என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லும்,
உங்கள் மனைவி


வெள்ளி, மாலை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. படித்தேன், மடித்து வைத்தேன், மறுபடி எடுத்துப் படித்தேன். பந்தயக் குதிரையைக் காய்கறி வாங்கப் போகிறவர்களிடம் கொடுத்தால் அது முரண்டு பிடிக்கத்தான் செய்யும், ஓட்டத் தெரியாதவர்கள் பேச்சைப் பெரிதுபடுத்தாதே என்று எழுதியிருக்கிறீர்கள். பதவி உயர்வு கையெழுத்தாகிற நேரம், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பதிலிலும் அதே குதிரை, அதே காய்கறி. அது யார் வாயிலிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியாதா?

உங்கள் கடிதம் வந்த அன்றே பல் டாக்டரம்மா நடந்து வந்தார். சாவியை என் மேசையில் வைத்தார். சந்தைக்கு முன்னால் நாற்சந்தியில் திரும்பும்போது வண்டி நின்றுவிட்டிருக்கிறது. எதிரே தண்ணீர் லாரி. லாரிக்காரர் எழுந்து நின்று பிரேக்கை மிதித்ததில், டாக்டரம்மா கதவைத் திறந்து இறங்க முடியாத அளவு பக்கத்தில் வந்து நின்றதாம்.

அவர் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பயந்து நடுங்கி வர்றவங்களை நாற்காலியில உட்கார வச்சு, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றதுதாங்க என் தொழில், இன்னிக்கு எனக்கு அப்படிச் சொல்ல ஆளில்ல, நீங்க சொல்லுங்க, ஒண்ணும் ஆகாதா என்று கேட்டார். தண்ணீர் கொடுத்தேன். அதைச் சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தோம். ஃபோர்மேன் அண்ணன் வழக்கம்போல முதலில் எஞ்சினைக் கிளப்பி, வெப்பம் காட்டும் ஊசி நடுவுக்கு வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, பாட்டுக் கேட்பதுபோல. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அப்படியே நீங்கள்! நம் பழைய ஸ்கூட்டர் ஞாபகம் இருக்கிறதா? பையை மாட்டிக்கொண்டு குட்டி நிற்பாள், மணியைப் பார்த்துக்கொண்டு நான் நிற்பேன், புகை தாங்காமல் மாடி வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். நீங்கள் அசையவே மாட்டீர்கள். ஆறிப்போன எஞ்சினை விரட்டுவது தூங்குகிற குழந்தையை அடித்து எழுப்புவதுபோல என்பீர்கள். உங்கள் புண்ணியத்தில் குட்டி பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போன நாள் குறைவு.

சிரித்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. இந்த வண்டியைச் சூடு பண்ணாமல் யாராவது சோதித்திருக்கிறார்களா என்று ஃபோர்மேன் அண்ணனைக் கேட்டேன். அது எப்படிம்மா, ஊசி நடுவுக்கு வராம எதையும் தொடக்கூடாதுன்னு புத்தகத்துலேயே போட்டிருக்கே என்றார். போட்டது யார்? நீங்கள்.

உங்கள் சோதனைத் திடலில் ஒரு வண்டிகூட ஆறின எஞ்சினோடு புறப்பட்டிருக்காது. நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் டாக்டரம்மாவின் வீடும் மருத்துவமனையும் ஒரே தெருவின் இரண்டு முனைகள். நீதிபதி பூங்கா வரை ஓட்டிப்போய், நடந்துவிட்டுத் திரும்புகிறார். எஞ்சின் சூடாவதற்குள் அணைத்துவிடுகிறார்கள். அதுதானே ஊர் உலகத்து வழக்கம்.

ஃபோர்மேன் அண்ணனுக்கு உடனே பொறி தட்டிவிட்டது. நீதிபதியின் வண்டியைக் கேட்டு வாங்கி, கட்டி இழுத்து வந்து, கிளப்பாமலே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தன. ஆறின எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாமல் கரி படிகிறது, கரி ஏறினால் பொறி வராமல் எஞ்சின் நின்றுவிடும் என்றார். துடைக்காமல் அப்படியே திரும்ப மாட்டி, புத்தகத்தில் உள்ளபடி நன்றாகச் சூடாக்கி, நெடுஞ்சாலையில் ஒரு விரட்டு விரட்டிக்கொண்டு வந்து மறுபடி கழற்றினார். கரி எரிந்து போய்ப் பளிச்சென்று இருந்தன. நாங்கள் இத்தனை நாளும் சோதனை என்ற பெயரில் கோளாறைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த வண்டிகளைத்தான் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்தோம்.

அப்போதும் எனக்கு மனம் கேட்கவில்லை. ஷோரூம் வண்டி ஒன்றைக் கேட்டு எடுத்து நானே ஓட்டினேன். சூடு பண்ணவில்லை. வீட்டுக்கு, கடைக்கு, வேலைக்கு, எல்லாம் கூப்பிடு தூரம்தான். சில நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு காலை, பள்ளிக்கூடத் திருப்பத்தில், பிள்ளைகள் சாலையைக் கடக்கிற இடத்தில் நின்றுவிட்டது. கூட்டத்தைப் பார்த்து முன்கூட்டியே நன்றாக மெதுவாக்கியிருந்ததால் தப்பித்தேன். ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டி ஓரம் கட்டிவிட்டு, பிள்ளைகள் எல்லோரும் கடந்து போகும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

குட்டி அந்த வண்டியில் இல்லை. ஒரு நாளும் ஏற்றவில்லை. அப்பா செஞ்ச வண்டியில என்னை ஏன் ஏத்த மாட்டேங்கறே என்று அழுது தீர்த்தாள். உன் உயரத்துக்கு அந்த பெல்ட் சரியா வராது என்று பொய் சொன்னேன். உங்கள் வண்டிக்காக நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், இனி இன்னொன்று சொல்லமாட்டேன்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்று கேளுங்கள். புதிதாக வந்திறங்கிய வண்டிகளின் சாவிகள் என் இழுப்பறையில் பூட்டியிருக்கின்றன. யாருக்கும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களை நானே கூப்பிட்டு, நாங்கள் சொல்லும்வரை ஓட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிலர் கத்தினார்கள். நீதிபதி மட்டும், இத்தனை நாள்ல முதல் தடவையா நீ நேராச் சாட்சி சொல்றேம்மா என்றார். மேனேஜர் குதி குதி என்று குதித்தார். உன் புருஷன் செஞ்ச வண்டிக்கு நீயே பூட்டுப் போடறியா, ரெண்டு பேர் வேலையும் போயிடும், யோசிச்சியா என்றார். யோசித்துவிட்டுத்தான் பூட்டினேன் என்றேன். ஃபோர்மேன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் தன் அறைக்குப் போய்விட்டார்.

நாங்கள் கண்டதையெல்லாம் எழுதி, திங்கட்கிழமை உங்கள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறோம். உங்களுக்காக ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. அது போய்ச் சேருவதற்குள் இது உங்கள் கையில் இருக்க வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன். நான் பின்வாங்கப் போவதில்லை. என் மனதை மாற்றப் பார்க்காதீர்கள்.

நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, அது எனக்குத் தெரியும். ஆசை ஆசையாக வளர்த்தீர்கள், அதன்மேல் ஒரு தூசு பட விடவில்லை. அதனால்தான் அதன் குறை உங்கள் கண்ணில் படவே இல்லை. குதிரை, காய்கறி என்று எழுதினீர்களே, அதுதான் எனக்கு வலித்தது. அந்த வார்த்தையை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரும் உங்கள் வாயிலிருந்து பிடுங்கி எடுக்கக் கூடாது.

பதவி போனால் போகட்டும். குட்டியின் பெட்டியை நான் பிரிக்கவில்லை, வாசலிலேயே இருக்கிறது. இடித்துக்கொள்ள எனக்குப் பழகிவிட்டது. அவள் பல் போய்விட்டது. டாக்டரம்மாவே எடுத்துவிட்டார். அவருக்கு எங்கள்மேல் கோபம் இருக்கும் என்று தயங்கித் தயங்கித்தான் போனேன். குட்டியை உட்கார வைத்து, ஒண்ணும் ஆகாது கண்ணு என்றார். அவளும் நம்பி வாயைத் திறந்தாள்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். இது கையில் கிடைத்த மறுநாள் காலை, உங்கள் சோதனைக் கொட்டகையில் நிற்கிற வண்டிகளில் ஏதாவது ஒன்றை எடுங்கள். சூடு பண்ண வேண்டாம். திடலுக்குப் போக வேண்டாம். முனைக்கடை வரை போய் நிறுத்தி அணையுங்கள், ஆறவிட்டுத் திரும்புங்கள். அது நிற்கும்வரை தினமும் அப்படியே செய்யுங்கள். பக்கத்து இருக்கையில் குட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

திருப்பத்தில் அது நின்றதும் இறங்கி, நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்குப் போங்கள். பயமாக இருந்தாலும் போங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. நான் சொல்கிறேன்.

எந்த ஊரில் இருந்தாலும் உங்களோடு இருக்கும்,
உங்கள் மனைவி