கோணி மறைத்த வெயில்

அக்கா,

உன் பேத்தி நேற்று திருப்பதி டாக்டரிடம் போய்விட்டு வந்தாள். வயிற்றில் ஐந்து மாசம். இரத்தத்தைப் பார்த்துவிட்டு, வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்று மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். "வெயிலு பட்டா மொகம் கறுத்துப்பூடும், சின்ன ஆயா" என்றாள். எனக்குப் பழைய ஈரக்கோணியின் வாடை மூக்கில் ஏறியது.

எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று எல்லைப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். விஜயபுரத்து வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், மூன்றாவதாக முழுகாமல் இருந்தாய். மாமியார் உன்னை வாசற்படி தாண்ட விடவில்லை. கண்ணேறு படக்கூடாது, பிறக்கும் பிள்ளை கறுக்கக்கூடாது. ஜன்னலுக்குக் கோணியை நனைத்துக் கட்டியது நான்தான். ஆசையாகத்தான் கட்டினேன். வேர்க்கடலைக் கொல்லையில் வெந்துவிட்டு வரும்போது, கொடுத்துவைத்தவள் என்று உன்மேல் பொறாமைகூட வரும்.

ஏழாம் மாசம் சுவரைப் பிடிக்காமல் உன்னால் எழ முடியவில்லை. வாயு என்று பூண்டு வறுத்துக் கொடுத்தோம். சித்தூரிலிருந்து வந்த நர்ஸம்மா உன் முழங்காலுக்குக் கீழே அழுத்தினாள், அலறிவிட்டாய். என் காலையும் தட்டிப் பார்த்தாள்.

"இவ கழனியில நிக்கிறா, எலும்பு கல்லாட்டம் கீது. நீ இருட்டுல குந்திக்கினு கீற, எளகிப்போச்சி. தெனம் கொஞ்ச நேரம் வெயில்ல உக்காரு" என்று சொல்லி, ஒரு புட்டி மீன் எண்ணெயும் கொடுத்தாள்.

எண்ணெய்க்கு மாமியார் ஒத்துக்கொண்டார். வெயிலுக்கு மட்டும், "நாங்கல்லாம் பெக்கலியா?" என்று எழுந்து போய்விட்டார்.

அவர் வீட்டில் இல்லாத ஒரு பகலில் என் கையைப் பிடித்தாய். "கோணியத் தூக்குடி. காலுமேல கொஞ்சம் வெயிலு படட்டும்."

நான் தூக்கவில்லை. மாமியாருக்குப் பயந்தேன். பிள்ளை கறுப்பாய்ப் பிறந்தால் பழி என் தலையில் விழுமே என்றும் பயந்தேன்.

இடுப்பெலும்பு வழிவிடாமல், சித்தூரில் வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். அத்தனை கோணி கட்டியும் அவன் கரிக்கட்டை நிறம். நீ பிழைத்தாய், ஆனால் கடைசிவரை ஆடி ஆடித்தான் நடந்தாய். உன் தாய்வீட்டுத் திருத்தணி மதராஸ் பக்கம் போனபோது, "பொறந்த ஊரு அந்தாண்ட போச்சி, இந்தக் காலால நானு எங்க போறது?" என்று நீயே சொல்லிச் சிரித்தாய். என்னை ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருக்கலாம் அக்கா. எனக்கு ஆறியிருக்கும்.

இன்று காலை எல்லாவற்றையும் உன் பேத்தியிடம் சொன்னேன். மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாத்திர துன்னாப் போதாதா ஆயா?"

"அதையும் துன்னு. வெயில்லயும் குந்து."

ஏறக்கூடாத வயதில் நாற்காலி மேல் ஏறித் திரையைக் கழற்றி, ஜன்னல் கதவையும் திறந்தேன். திட்டிக்கொண்டே என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வெயில் அவள் கால்மேல் விழுந்தது.

நீ கேட்டு அறுபது வருஷம் ஆகிறது, அக்கா. இன்றைக்குத்தான் தூக்கினேன்.