முன்பலகையில் உட்கார்ந்தது யார்

செப். 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். இலை அசையவில்லை.

உறுதியான தகவல்: சனிக்கிழமை விடியலுக்கு முன் தம்பி சேகரின் படகில் மறுபடியும் ஃப்யூஸ் போனது. விளக்கு, வயர்லெஸ், ஜி.பி.எஸ். மூன்றும் ஒரே நேரத்தில். சொன்னது பாபு, சேகரின் மைத்துனன். அன்று ஆட்களோடு படகைக் கொண்டுபோனவன். சேகர் போகவில்லை. அவன் கடலுக்குப் போய் மூன்று வாரம்.

மூன்று வாரத்துக்கு முன்பும் இதேதான். வலை இழுத்துவிட்டுத் திரும்பும்போது எல்லாம் அணைந்தது. இருட்டில் இவர்கள் இருப்பது தெரியாமல் பெரிய விசைப்படகு ஒன்று உரசுவதுபோல் போயிருக்கிறது. அதன் அலையில் பாதிப் படகு தண்ணீர். அன்றிலிருந்து கேட்டால் சேகரிடம் ஒரே பதில்: "ஒயரு சரியாவட்டும்."

கரையில் புது ஃப்யூஸ் போட்டால் எல்லாம் ஒழுங்காக எரிகிறது. இரண்டு மூன்று நாள் கடலிலும் எரிகிறது. பிறகு போகிறது.

தம்பி மனைவி பொன்னி போன். "இன்னா மாமா, ஊர் பூரா விசாரிச்சு எழுதற, இந்த ஒயர விசாரிக்க மாட்டியா?"

பேப்பர் ஆபீசில் விடுப்பு கேட்டாயிற்று. வாங்க வேண்டியது: பிரஷர் மாத்திரை, குழாய் வாஷர், பேனா ரீஃபில்.

செப். 9, செவ்வாய்

வெயில். தம்பி இருக்கும் நொச்சிக்குப்பம் போனதும் செருப்புக்குள் மணல். இங்கேயே பிறந்தவன், ராஜா அண்ணாமலைபுரம் மாடிக்குப் போன பிறகு மணல் உறுத்துகிறது.

ஆட்டோ வயரிங் செய்யும் ரஃபி பாயை மீர்சாகிப்பேட்டையிலிருந்து அழைத்து வந்தேன். நல்ல வேலை செய்தார். ஃப்யூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஓர் ஆட்டோ ஹெட்லைட் பல்பை மாட்டினார். வயர் எங்காவது ஷார்ட் ஆனால் இந்த பல்பு பளிச்சென்று எரியும், மற்றபடி எரியாது என்றார். பின்பக்கம் பேட்டரிப் பெட்டியிலிருந்து முன்பக்க விளக்குக் கம்பம் வரை வயரை இழுத்தார், தட்டினார், உலுக்கினார். பல்பு எரியவே இல்லை.

ரஃபி: "நைனா, உன் போட்டு கரையில யோக்கியமா கீது. தண்ணில எறங்கினாத்தான் கெட்டுப்போவுது."

பாபு: "எங்க மாமா அப்படியே உல்ட்டா பாய். தண்ணில சிங்கம், கரையில தூங்குமூஞ்சி."

சேகர் சிரிக்கவில்லை. வலையில் ஒரே முடிச்சைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

ரஃபி மாற்றியது: ஸ்விட்ச், ஃப்யூஸ் பெட்டி, துரு ஏறிய இரண்டு ஜாயின்ட். பல்பு அப்படியே இருக்கட்டும் என்றேன். இனிமேல் ஃப்யூஸ் போகாது என்று அவர் சொல்கிறார். என் கணக்கில் உறுதி இல்லை.

வாஷர் மறந்துபோனது.

செப். 10, புதன்

மேகம் போட்டது. பெய்யவில்லை.

சேகர் டீ குடிக்கக் கூப்பிட்டான். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான். பிறகு:

"ண்ணா, நீ கண்டுபுடிக்காத."

"எதை?"

"ஒயர. அது சரியாச்சின்னா நான் போயாவணும். என்னால முடியல ண்ணா. கண்ண மூடினா அந்த பெரிய போட்டோட மூக்குதான் தெரிது. எங்க மேல ஏறிகினு வருது."

பொன்னியிடம் சொல் என்றேன்.

"எப்படிச் சொல்றது? குப்பத்துல பொறந்துட்டு தண்ணிக்குப் பயப்படறான்னு சொல்லுவாங்க. பாபு வாயி உனக்குத் தெரியாதா? யாராண்டயும் சொல்லாத. அவளாண்ட சொல்லவே சொல்லாத."

சொல்லமாட்டேன் என்றேன். தொழிலில் பழகிய வாய். பெயர் வேண்டாம் என்று யார் கேட்டாலும் தானாகச் சம்மதித்துவிடும். டம்ளரை வைப்பதற்குள்ளேயே, ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

படகுப் பக்கம் திரும்பி வந்தால் பாபு கத்திக்கொண்டிருக்கிறான். "வெள்ளிக்கெழம நான் எறங்கறேன். லைட்டு எரிஞ்சா எரியட்டும், எரியலன்னா போவட்டும். எத்தினி நாளு கரையிலயே குந்திகினு இருக்கறது?"

நான் கண்டுபிடிக்காவிட்டால் பாபு இருட்டில் போவான். கண்டுபிடித்தால் சேகர் போக வேண்டும். இரண்டு பக்கமும் அடைத்தாயிற்று.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மனைவி தானாகச் சொன்னாள்: "தம்பிய விட அந்த வயரத்தான் அதிகமா விசாரிக்கிறீங்க."  வாஷர் மாட்டினேன். இன்னும் ஒழுகுகிறது.

செப். 11, வியாழன்

கடல் காற்று. சட்டை உப்பு.

வயரைப் பார்ப்பதை விட்டேன். அது எனக்குத் தெரிந்த வேலை இல்லை. ஆட்களைக் கேட்பது தெரியும். பாபுவிடம் தனியாக, சேகரிடம் தனியாக, ஒரே கேள்வி: அணைந்த ஒவ்வொரு தடவையும் யார் எங்கே இருந்தீர்கள்?

சேகர் மழுப்புவான் என்று நினைத்தேன். மழுப்பவில்லை. இரண்டு பேர் சொன்னதும் ஒத்துப்போகிறது. அணைந்தது எல்லாமே திரும்பும்போது. நடுவில் வலையும் மீனும் குவித்திருக்கும். உட்கார இடம் இல்லாமல் பாபு படகின் மூக்கை ஒட்டிய முன்பலகையில் இருப்பான். மீன் கம்மியான நாளில் அவன் பின்னால் எஞ்சின் பக்கம். அன்றெல்லாம் விளக்கு எரிந்திருக்கிறது. யாரோ கல்யாணத்துக்காக பாபு ஊரில் இல்லாத வாரம் முழுக்க எரிந்திருக்கிறது.

கரையில் சோதித்தபோது அந்தப் பலகையில் யாரும் உட்காரவில்லை. ரஃபி பேட்டரி பக்கம். பாபு மணலில் நின்று வாயடித்துக்கொண்டிருந்தான்.

சேகர் என்னைப் பார்த்தபடி நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பாபு, ஏறி முன்பலகையில உட்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். பல்பு பளிச்.

எழுந்தான், அணைந்தது. உட்கார்ந்தான், எரிந்தது. மீன் விற்கும் பெண்களெல்லாம் வந்து நின்று சிரித்தார்கள். போனில் ரஃபி: "சார், ஒயர்ல ஷார்ட் இல்ல. அந்த தம்பி ஒடம்புல கீது."

"நான் இன்னா பண்ணேன் பேப்பர் மாமா? குந்தனதுக்கு ஒரு கேஸா?" என்றான் பாபு.

பலகைக்கு அடியில் பார்த்தோம். ஆடி மாதம் கோயில் திருவிழாவுக்குப் படகில் மாலை கட்ட ஓர் ஆணி அடித்திருக்கிறார்கள். அது பலகையைத் துளைத்து, கீழே போகும் வயருக்குள் இறங்கியிருக்கிறது. கனமான ஆள் உட்கார்ந்து பலகை வளைந்தால்தான் இரண்டு கம்பியையும் தொடும்.

ஆணி அடித்தவன் சேகர். பிடுங்கியதும் அவனே. கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்திருந்தான். "மாலை கட்டத்தான் அட்ச்சேன்" என்றான், யாரும் கேட்காமலே.

மாலையில் ரஃபி வந்து பலகைக்கு எட்டாத வழியில் புது வயர் இழுத்தார்.

செப். 12, வெள்ளி

காலையில் தூறல். பிறகு வெளுத்தது.

பாபு ஓர் ஆளோடு அலைக்கு அப்பால் வரை படகைக் கொண்டுபோய், முன்பலகையில் எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தான். விளக்கு அணையவில்லை. பல்பும் எரியவில்லை என்று போனில் சொன்னான்.

பொன்னி என் பக்கத்தில் நின்றாள். கையில் மீன் கூடை. கடலைப் பார்த்துக்கொண்டே: "அவுரு பயந்துகினு கீறாருன்னு எனக்குத் தெரியாதா மாமா? தூக்கத்துல கட்டில் கம்பியப் புட்ச்சிகினு கத்தறாரு."

சேகருக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

"நீ ஒன்னும் சொல்ல வோணாம். ஒயரு மேல பழியப் போட்டுகினு இருந்தா அவுரு எப்ப சொல்லுவாரு? அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன். போவலன்னு ஒரு வார்த்த சொல்லட்டும், போவாதன்னுதான் நானும் சொல்லுவேன். ஆனா அவுரு வாயால வரணும். நீ போய் அவராண்ட இத ஊதிட்டு வராத."

சரி என்றேன். இரண்டாவது வாக்கு.

அவன் வார்த்தையை இவளிடம் சொன்னால் முடிந்தது. இவள் வார்த்தையை அவனிடம் சொன்னாலும் முடிந்தது. இரண்டும் என் சட்டைப்பையில். 

உறுதியானது: வயர் சரி. கரையிலிருந்து விளக்கைப் பார்த்தது நானே.

நிலுவை: சேகரின் ஒரு வார்த்தை. படகு இறங்குவது சாயங்காலம் ஐந்துக்கு.

இப்போதுதான் பாபு போன். "பேப்பர் மாமா, எங்க மாமா சாப்பாட்டுத் தூக்கு எடுத்துகினு போட்டாண்ட வந்துட்டாரு. அக்காவும் பின்னாலயே வந்து நிக்குது. ரெண்டு பேரும் ஒன்னியும் பேச மாட்டேங்கறாங்க. இன்னா கதன்னே புரியல."

நாலரை. ஆட்டோ எதுவும் வரமாட்டேன் என்கிறது. குப்பத்துக்கு நடந்தே போகிறேன்.