அப்பாவைக் கடிக்காத சீமாட்டி

பால்மா ரியால்,
கோலோன் கடற்கரை, பனாமா.

அன்பு மகள் யாரிட்செலுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம் என்று எழுதித் தொடங்க இந்த முறை கை வரவில்லை. எல்லோரும் என்று சொல்ல இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் சுகம். நீ அங்கே பில்பாவோவில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஏற்ற மாதிரி உடுத்தி இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. ஏன் என்று பிரிசீதா அத்தை வாயாலேயே தெரிந்துகொண்டேன். அப்பா செத்தது இதயத்தால் இல்லை, நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஓடையோரக் கட்டைக்கு அடியிலிருந்து பிடித்துவந்து சீமாட்டி என்று பெயர் வைத்தாயே, அந்தப் பல்லி கடித்துத்தான் என்று அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ அதை நம்பிவிட்டாய் என்பதுதான் எனக்கு அப்பா போனதைவிடப் பெரிய துக்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று மத்தியானம் அப்பா சீமாட்டியின் கண்ணாடித் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். மூடி திறந்திருந்தது, சீமாட்டி வெளியே வந்து சுவரோரம் ஒண்டியிருந்தாள், அவர் கையில் ஒரு கீறல் இருந்தது. இங்கே சனங்களுக்கு இது போதாதா? இரவுத்தேள் என்றுதானே அந்தப் பல்லிக்கே பெயர் வைத்திருக்கிறார்கள், கண்டால் வெட்டிவிட்டுத்தான் மறு வேலை. கீறல் மரப்பட்டை கிழித்தது, தொட்டிக்குள் உளுத்துப்போன கட்டையை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துக்கொண்டிருந்தார். இதயம் களைத்துவிட்டது என்று போன வருசமே டாக்டர் சொல்லியிருந்தார், பிள்ளை அங்கே தனியாகக் கிடந்து அழும், சொல்லாதே என்று அப்பாதான் என் வாயை அடைத்தார். உன் மேல் அவருக்கு அவ்வளவு உயிர்.

நீ விமானம் ஏறிப் போன பிறகு அவர் அவளைப் பார்த்துக்கொண்டதை நீ கண்ணால் பார்த்ததில்லை. வெயில் படக்கூடாது, சூடு ஆகாது என்று நீ சொல்லிவிட்டுப் போனதை வேதவாக்காக வைத்துக்கொண்டு, என் சமையலறையிலேயே குளிர்ந்த மூலையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அரிசிச் சாக்கை வெளியே தள்ளினார். காலையில் எனக்குக் காப்பி போடுகிறாரோ இல்லையோ, அவளுக்குப் பாசியில் தண்ணீர் தெளித்துவிடுவார். இமை இல்லாத அந்தக் கண்ணை அவள் நாக்கால் நக்கித் துடைப்பதைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பாவம், தனியாக இருக்கிறாள் என்று ஜோடி தேடி ஒவ்வொரு கட்டையாகப் புரட்டினார். வந்ததெல்லாம் பெண். இந்தப் பக்கம் அந்தச் சாதியில் ஆணே கிடையாது, ஆண் துணை இல்லாமலே குட்டி போடும் என்று நீ போனில் சொன்னதும் வெட்கப்பட்டுப்போய், "அப்ப நான் எதுக்குடி இந்த வீட்ல இருக்கேன்?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் சமையலறையில் இருக்கிறது மகளே.

அப்பாவுக்கு ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து, பீடத்து வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தோம். தேங்காய்ச் சோறு பரிமாறியாகிவிட்டது, ஊரே உட்கார்ந்திருந்தது. அத்தை கத்தியோடு நேரே சமையலறைக்குப் போனாள். "என் தம்பியைத் தின்ன பிசாசுக்கு இன்னும் பூச்சி பொறுக்கிப் போடுறியா எடில்மா? தள்ளு!" என்றாள். நான் தொட்டிக்கு முன்னால் நின்றேன். "பூச்சி போட்டு ஒன்பது நாளாச்சு அண்ணி. பசியோட இருக்கா. அவ கடிச்சா ஆள் சாவாங்கன்னா நானும் செத்துப்போறேன், அப்புறம் வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்தேன். பயமில்லை என்று சொன்னால் பொய். அன்று துடைப்பத்தால் அவளை உள்ளே தள்ளி மூடியதோடு சரி, அந்த ஒன்பது நாளும் நானும் உள்ளுக்குள் சந்தேகப்பட்டுத்தான் அவள் பக்கமே போகாமல் இருந்தேன். அவள் ஒளிந்திருந்த மரப்பட்டையைத் தூக்கி, வால் பக்கம் தொட்டால் வாலை விட்டுவிட்டு ஓடிவிடுவாள் என்று அப்பா சொன்னது நினைவு வந்து, வாய்க்கு நேராக விரலை நீட்டினேன். கவ்விக்கொண்டாள். சின்ன வாய்தான், ஆனால் விடவில்லை. யாரோ "இயேசுவே!" என்று அலறினார்கள்.

அவளாக விட்ட பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் இரண்டாம் முறை சோறு போட்டேன். அத்தை சாப்பிடவில்லை, கத்தியை மடியில் வைத்துக்கொண்டு நான் எப்போது விழுவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "தலை சுத்துதா?" என்று கேட்டாள். "உங்களைச் சுத்திச் சுத்திப் பரிமாறினதுல சுத்துது" என்றேன். அன்று இரவு என் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். விடிந்ததும் என் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு அதே கையில் முகத்தை வைத்துக்கொண்டு தம்பி பெயரைச் சொல்லி அழுதாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் அந்தப் பல்லியின் மேல் வைத்திருந்தாள். நேற்று தன் தோட்டத்திலிருந்து ஒரு துண்டு கறையான் புற்றைக் கொண்டுவந்து, "அதுக்குப் போடு" என்று வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

இன்னொன்று. பட்டையைத் தூக்கியபோது பார்த்தேன், சீமாட்டிக்கு வயிறு பெருத்திருக்கிறது. மழை பிடிப்பதற்குள் குட்டி போடுவாள் போலிருக்கிறது. பிறந்த குட்டிக்கு என்ன கொடுப்பது, தாயோடு விடுவதா பிரிப்பதா, எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் போய்விட்டார், இனி உன்னைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அடிக்கிறேன், போனை எடு.

கடவுள் உன்னைக் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசி உன் தலைமேல் எப்போதும் இருக்கும். நீ கொண்டுவந்தது அவரைக் கொல்லவில்லை யாரி, நீ போன பிறகு அவருக்குத் துணையாக இருந்தது. நம்பிக்கை வராவிட்டால் இந்தக் கையெழுத்தைப் பார். அவள் கடித்த விரலால்தான் பேனாவைப் பிடித்து இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

உன் அம்மா,
எடில்மா