பத்து நிமிடத்தில் எடுத்த படம்

அம்மாவுக்கு, மகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அழகு பார்க்கிறாயா?

நேற்று ஸ்டூடியோவில் முதலாளியிடம் கொஞ்சம் அர்ச்சனை கிடைத்தது. கவலைப்படாதே, வேலைக்கு ஒன்றும் ஆபத்தில்லை. ஆறு மாதம் முன்பு நான் இருட்டறையில் கழுவிய கல்யாணப் படம் மஞ்சளாகித் திரும்பி வந்துவிட்டது.

"படத்துல ஒட்டியிருக்கற ஹைப்போ மருந்து போகணும்னா ஒரு மணி நேரம் தண்ணியில கிடக்கணும்னு எத்தனை தடவை சொல்றது? மாப்பிள்ளைக்கு மஞ்சக்காமாலையான்னு கேக்கறாங்கப்பா!" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் போன மாதம் உனக்கு அனுப்பிய என் படம் நினைவுக்கு வந்தது. தபாலைப் பிடிக்கும் அவசரத்தில் அதைப் பத்தே நிமிடத்தில் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டேன். அப்படியே விட்டால் என் முகமும் மஞ்சளாகி மங்கிவிடும்.

அதனால் ஒரு வேலை செய். பீரோக் கண்ணாடியில் செருகியிருப்பதாக எழுதினாயே, அதை எடுத்து அகலமான பேசினில் போடு. ஒரு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்று. தேய்க்காதே. பிறகு மூலையில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடு.

இங்கே நாள் முழுக்கக் குழாய்ச் சத்தம்தான் எனக்குப் பேச்சுத்துணை. படத்தில் இருப்பவர்களிடம் நானாக ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். நீயும் அந்த ஒரு மணி நேரம் சும்மா இருக்காமல் என்னைத் திட்டவாவது செய்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார், முடிக்கிறேன். சின்ன வயதில் முகம் கழுவிவிட வந்தால் உன் கைக்கு அகப்படாமல் ஓடுவேன். இந்தத் தடவை ஓட மாட்டேன் அம்மா.

உன் மகன்